இருபத்தேழு யோசனைகளும் ஒரு விட்டமும்

1982 மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. காலை 5.10-க்கு எழுந்தேன். காப்பி குடித்துவிட்டு, முந்தின நாள் டைரியில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதி முடித்தேன். 6.15-க்கு பாசார். மீன் வாங்கி வந்து கழுவி, உப்பும் மஞ்சளும் தடவி மூடி வைத்தேன். 'பத்து மணிக்குத் துணியைப் புரட்டிப் போடவும்' என்று வீட்டுக்காரருக்கு ஒரு சீட்டு எழுதிச் சமையலறைக் கதவில் செருகினேன். 8.05 பஸ்ஸைப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என்ன பஸ் என்கிறீர்களா?

ஊர்க் கூட்டம்!

இந்தப் பத்திரிகைப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். நான் குடியிருப்பது ஈப்போவில். பாடம் நடத்துவது கோலா கங்சார் சாலையில் முக்கால் மணி நேரம் தள்ளியிருக்கிற ஒரு பழைய ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில். 'பழைய' என்று ஏன் சொல்கிறேன் என்றால், தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றாகிவிட்டது. மரங்கள் இருக்கின்றன. வரிசை வரிசையாக லயத்து வீடுகள் இருக்கின்றன. பால் வெட்டுகிற பெண்களும் இருக்கிறார்கள் — இப்போது குத்தகைக்காரரிடம். இல்லாமல் போனது ஆயாக் கொட்டகை. அம்மாக்கள் வேலைக்காட்டிலிருந்து திரும்பும்வரை கைக்குழந்தைகளை ஓர் ஆயா பார்த்துக்கொண்ட பலகைக் கொட்டகை அது. புது முதலாளி ஜனவரியில் அதைப் பிரித்து விறகாக்கிவிட்டார். ஆயாவும் மகனோடு தைப்பிங்கிற்குப் போய்விட்டார்.

கொட்டகை போனால் குழந்தைகள் எங்கே போகும்? வீட்டில்தான் இருக்கும். வீட்டில் யார் பார்த்துக்கொள்வது?

என் ஐந்தாம் வகுப்பில் செல்வி என்று ஒரு பெண். கணக்கில் புலி. நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுவாள். பிப்ரவரி 8-ஆம் தேதியிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. அம்மா லெட்சுமி விடிகாலை நாலரைக்குப் பத்து மாதத் தம்பியை இவள் மடியில் போட்டுவிட்டு வேலைக்காட்டுக்குப் போகிறாள். அப்பா லூமுட்டுக்கு லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். இந்த வருடம் ஐந்தாம் வகுப்புக்கு அரசாங்கச் சோதனை, அதாவது பரீட்சை. செல்வி மாதிரி இன்னும் மூன்று பெண்கள், மற்ற வகுப்புகளில். பையன்கள் யாரும் நின்றுபோகவில்லை என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டுமா?

சரி... மாவட்ட அலுவலகத்தின் கதவைத் தட்டினோம். அதிசயமாகத் திறந்தது. பொதுவான ஒரு குழந்தைகள் காப்பகம், அரசாங்கமே கட்டும், ஆயாவுக்குச் சம்பளமும் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை — ஊர் மக்களைக் கலந்துகொண்டுதான் திட்டம் போட வேண்டும்.

ஊர் மக்களைக் கலப்பதில் நமக்கு என்ன குறை? உடனே ஒரு குழு. தலைவர் முனியாண்டி, முன்னாள் மண்டோர், அதாவது பால் வெட்டுகிறவர்களை மேய்த்தவர். முப்பது வருடம் விடிகாலையில், வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கூப்பிட்டவர் என்பதால், மைக் இல்லாமலே அடுத்த லயம்வரை கேட்கும் குரல். செயலாளர் நான். கையெழுத்து அழகாக இருக்கிறவர்களுக்கு இந்த நாட்டில் செயலாளர் பதவி தானாக வந்து சேரும்.

மூன்று கூட்டம் நடந்தது. வந்த யோசனைகளை ஒன்று விடாமல் எண் போட்டு எழுதினேன். மொத்தம் இருபத்தேழு. முதல் யோசனை, முகப்பில் வளைவு வேண்டும். நான்காவது, வாசல் கிழக்கே பார்க்க வேண்டும். ஒன்பதாவது, மோட்டார் சைக்கிள் நிறுத்தக் கூரை. பத்தொன்பதாவது, கேரம் போர்டு — பத்து மாதக் குழந்தைகள் ஆடுவதற்கு! இருபத்தாறாவது, திறப்பு விழாவுக்கு நாதஸ்வரமா, பேண்டு வாத்தியமா என்பது. இதில் மட்டும் ஐம்பது நிமிடம் போனது. இருபத்தேழாவது, 'எல்லாம் நல்லபடியா நடக்கணும்.' அதையும் எழுதிக்கொண்டேன். யோசனை என்று சொன்னால் யோசனைதானே?

ஒன்றை மட்டும் தலைவர் தானாகவே சரியாகச் சொல்லிவிட்டார். காப்பகம் விடிகாலை நாலே முக்காலுக்குத் திறக்க வேண்டும் என்று. பெரட்டு நேரம் அவருக்கு ரத்தத்தில் ஊறியது.

பெண்கள் கூட்டத்துக்கு வராமல் இல்லை. வந்தார்கள். பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். "தாய்மாருங்க ஏதாச்சும் சொல்றீங்களா?" என்று தலைவர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். அவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். "டீச்சர் இருக்காங்கல்ல, சரியாத்தான் இருக்கும்" என்றார்கள். நான் குறிப்பில் 'தாய்மார்கள் முழு ஆதரவு' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

நான்காவது கூட்டம்தான் இந்த ஞாயிறு. முடிவான கூட்டம்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து அஸ்மான் என்ற இளம் தொழில்நுட்ப அதிகாரி, கட்டடத்தின் நீல வரைபடத்தோடு வந்திருந்தார். அந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டினால் இரண்டாவது வரிசைக்கே தெரியாது என்று, முந்தின வாரமே அவரிடம் ஒரு நகல் வாங்கி, பெரிய மணிலா அட்டையில் நாலு மடங்கு பெரிதாக நான் வரைந்து வைத்திருந்தேன். மூன்று சாயங்காலம் ஆனது. அறைகளுக்கெல்லாம் தமிழில் பெயர். உறங்கும் அறை, உண்ணும் அறை, குளியல் அறை. உறங்கும் அறையில் இரண்டு வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டில்கள், அளவு பிசகாமல். கீழே வலது மூலையில் என் பெயரும் தேதியும் — எதில் கை வைத்தாலும் பெயரும் தேதியும் போடுவது என் வழக்கம்.

10.35-க்குக் கூட்டம் ஆரம்பித்தது. இருபத்தேழு யோசனைகளையும் வாசித்தேன். கைதட்டல். தலைவர் எழுந்தார்.

"இனிமே நம்ம புள்ளைங்களுக்குத் துணித் தொட்டிலு, கவுறு, கொசு, அதெல்லாம் கெடையாதுலா! கட்டிலு, மெத்த, மேல வழவழன்னு சிலிங்! எல்லாம் மாடர்ன்!"

பலத்த கைதட்டல். நானும் தட்டினேன்.

அப்புறம் அஸ்மான் ஒரு பாரத்தை, அதாவது படிவத்தை, எடுத்தார். குறைந்தது இருபது குழந்தைகள் சேர வேண்டும். ஒவ்வொரு தாயும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். பாரம் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அதிகாரியின் மேசையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒதுக்கீடு வரிசையில் அடுத்த ஊருக்குப் போய்விடும்.

"பாரம் மேசையில இருக்கு. மீ ஹூனும் ரெடி. கையெழுத்த வச்சிட்டுச் சாப்பிடப் போலாம்!" என்றார் தலைவர்.

மீ ஹூன் தீர்ந்தது. 12.10-க்குப் பாரத்தைப் பார்த்தேன்.

மூன்று கையெழுத்து.

மூன்று! முப்பதுக்கு மேல் பெண்கள் வந்திருந்தார்கள். நல்ல சேலை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு. அவ்வளவு பேரும் மேசையைச் சுற்றிக்கொண்டு, என்னைப் பார்த்து அன்பாகச் சிரித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"நம்ம பொம்பளைங்க இப்படித்தான் டீச்சர். மேசையக் கண்டா பயம்" என்றார் தலைவர். "நீங்க ஒரு ரவுண்டு வீட்டுக்குப் போனா எல்லாரும் வச்சிருவாங்க. நான் இவர எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி சாப்பாடு போடுறேன். ஒங்களுக்கும் எடுத்து வைக்கச் சொல்றேன்." அஸ்மானும் சரி, மூன்று மணிவரை இருக்கிறேன் என்றார்.

பாரத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குக் கிளம்பினேன்.

லயத்து வீட்டுக்குள் டீச்சர் காலெடுத்து வைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? முதலில் நாற்காலி துடைக்கப்படும். பிறகு அடுப்பு பற்ற வைக்கப்படும். 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. முதல் வீட்டில் டீ, பால் கலந்து. இரண்டாம் வீட்டில் மைலோ. மூன்றாம் வீட்டில் பாலில்லாத காப்பி ஓ. நான்காம் வீட்டில் மறுபடி டீ, கூடவே கிரீம் பிஸ்கட். எட்டு வீட்டில் எட்டு தம்ளர். டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். கையெழுத்து?

"வீட்டுக்காரரு வரட்டும் டீச்சர், கேட்டுட்டுச் சொல்றேன்."

"புள்ளைக்குச் சளி. ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்."

"கண்ணாடி ஒடஞ்சிருச்சி டீச்சர். எழுத்தே தெரியல."

கண்ணாடியே போடாதவர் அவர்!

ஒருவர்கூட 'மாட்டேன்' என்று சொல்லவில்லை. மறுப்பு கோபமாக வந்தால் பதில் சொல்லலாம். இப்படிச் சர்க்கரை போட்டுத் தம்ளரில் வந்தால்... என்ன செய்வது?

ஒன்பதாவது வீடு லெட்சுமியுடையது. 1.25 மணி.

கதவு திறந்துதான் இருந்தது. செல்வி தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து எதையோ மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வலது கால் கட்டைவிரலில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை, கூரை விட்டத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில். கால் முன்னும் பின்னும் போக, தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். கால் நின்றது. உள்ளிருந்து ஒரு அலறல்!

"ஏய், ஆட்டுடி ஆட்டுடி!" என்று ஓடி வந்தாள் லெட்சுமி. "வாங்க டீச்சர். இருங்க, டீ..."

"லெட்சுமி, டீ எடுத்தா நான் எழுந்து போயிருவேன். எட்டு ஆச்சு. உண்மையச் சொல்லு. ஏன் யாரும் கையெழுத்துப் போட மாட்டேங்குறீங்க? பெண்ணு பள்ளிக்கூடம் வர வேணாமா?"

லெட்சுமி தரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். அப்புறம் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்தாள்.

"கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

"ஒங்க பிளான்ல தொட்டிலு கட்ட எடமே இல்லியே டீச்சர்."

எனக்கு விளங்கவில்லை. "கட்டில் இருக்கே?"

"கட்டில்ல எங்க தூங்குங்க? காலையில நாலரைக்குத் தூக்கத்தோட தூக்கிட்டுப் போறோம். கீழ போட்டா முழிச்சுக்கும். தொட்டில்ல போட்டு ரெண்டு ஆட்டு ஆட்டுனாத்தான் விட்ட எடத்துலேர்ந்து தூங்கும். இல்லன்னா நாங்க வெட்டுன பால நிறுத்துப் போட்டுட்டு வர்ற வரைக்கும் கத்திக்கிட்டே கெடக்கும். ஒண்ணு கத்துனா இருபதும் கத்தும். ஒரு ஆயா என்ன பண்ணுவா, பாவம்?"

"பழைய கொட்டகையில ஒரு ஆயாதானே இருந்தாங்க?"

"அதான் டீச்சர்! அவங்க நடுவுல ஒக்காந்துக்கிட்டு, அஞ்சு தொட்டில ஒரே கவுத்துல கோத்துக் கால்ல மாட்டிக்குவாங்க. கால ஆட்டுனா அஞ்சும் ஆடும். கை ரெண்டும் சும்மாதான இருக்கும்? அதுல கீர ஆய்வாங்க. கட்டில எப்படிக் கால்ல மாட்டுறது?"

பதினெட்டு வருடமாக அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடத்துக்கு நடந்திருக்கிறேன்!

"மூணு கூட்டம் நடந்துச்சே லெட்சுமி. இதை ஏன் யாருமே சொல்லல?"

"மொதல்ல, தொட்டிலு கட்ட எடம் இருக்காதுன்னு யாரு நெனச்சா? கூரைன்னா வெட்டம் இருக்கும், வெட்டம் இருந்தா கட்டிக்கலாம். அத போயி யாராச்சும் சொல்லுவாங்களா? இன்னிக்கு ஒங்க படத்தப் பாத்து, மண்டோர் அண்ணன் சிலிங்குன்னு சொன்னப்பதான் தெரிஞ்சுது. மேல மூடி வச்சிருக்கு." கொஞ்சம் தயங்கினாள். "அப்புறம்... அது நீங்க போட்ட பிளானு. கீழ ஒங்க பேரு இருக்கு. அவ்ளோ அழகா, கோடு கோணாம வரஞ்சிருக்கீங்க. அதுல போயி நொட்ட சொல்றதா? டீச்சர் மனசு என்னாவும்?"

கேட்டீர்களா? நான் வெறும் நகல்தான் எடுத்தேன்! மூலையில் போட்ட என் பெயர் அத்தனை பெண்களின் வாய்க்கும் பூட்டாகிவிட்டது. முப்பது பெண்கள் எனக்குக் கொடுத்த மரியாதையால் அவர்களுடைய காப்பகமே கையை விட்டுப் போகப்பார்த்தது. இருபத்தேழு யோசனைகளைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூடக் குழந்தையைத் தூக்கிச் சுமக்கிறவர் சொன்னதில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. வரிசை எண் சரியாக இருக்கிறதா என்றுதான் கவனித்தேன்.

"கிளம்பு" என்றேன்.

"எங்க டீச்சர்?"

"மண்டோர் வீட்டுக்கு. எனக்குச் சொன்னத அங்க சொல்லு."

"ஐயோ, மண்டோர் அண்ணன் முன்னாலயா? நான் வரல! புள்ள வேற தூங்குது..."

"பிள்ளையையும் எடுத்துக்க. செல்வி, நீயும் வா."

1.50-க்குத் தலைவர் வீடு. அஸ்மான் இரண்டாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். தலைவர் கையை உதறினார்.

"என்னா டீச்சர் நீங்களே இப்படிப் பேசுறீங்க? மாடர்ன்னு மைக்குல சொல்லியாச்சி!"

மைக் இல்லை என்பதை நான் நினைவுபடுத்தவில்லை.

"நாளைக்குத் தெறப்பு விழாவுக்குப் பெரிய ஆளுங்க வருவாங்க. போட்டோ புடிப்பாங்க. உள்ள வரிசையாச் சேலை தொங்குனா நல்லாவா இருக்கும்? துணி காயப்போட்டிருக்கோம்னு நெனப்பாங்கலா!"

"அண்ணே..." என்று லெட்சுமி வாயைத் திறந்தாள். அதற்குள் தூக்கம் கலைந்த தம்பி வாயைத் திறந்துவிட்டான்.

அடேயப்பா! பத்து மாதக் குழந்தைக்கு அவ்வளவு குரல் எங்கே இருந்ததோ. லெட்சுமி தோளில் போட்டுத் தட்டினாள். செல்வி கிலுகிலுப்பை ஆட்டினாள். தலைவர் ஏதோ பேசினார் — முதல் தடவையாக அவர் குரல் யாருக்கும் கேட்கவில்லை. அஸ்மான் சாப்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

தலைவர் மனைவி அஞ்சலை அக்கா அடுக்களையிலிருந்து வந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து ஒரு நூல் சேலையை எடுத்தார். மடித்து, ஒரே வீச்சில் கூடத்து விட்டத்துக்கு மேலே போட்டு, முடிச்சை இறுக்கினார். கையால் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். குழந்தையை வாங்கி உள்ளே போட்டார். ஆட்டினார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் நாற்பது நொடி. அமைதி.

"இப்ப பேசுங்க" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனார்.

யார் பேசுவது? எல்லாரும் ஆடுகிற சேலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அஸ்மான்தான் சிரித்தார். அவர் பேசியது மலாயில், தமிழில் எழுதுகிறேன்; 'சிக்கு' என்றால் டீச்சர்.

"சிக்கு, என் மகளுக்கு ஆறு மாசம். வீட்டில் அவள் தூங்குவதும் புவாயில்தான். எங்கள் ஆட்களும் இப்படித்தான், துணியில் போட்டு, விட்டத்தில் தொங்கவிட்டு. கட்டிலை அவள் கண்ணால் பார்த்ததில்லை."

"அப்புறம் ஏன் உங்கள் வரைபடத்தில் கட்டில் இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் யோசித்தார். "தெரியவில்லை, சிக்கு. மாதிரி வரைபடத்தில் கட்டில்தான் இருந்தது."

அந்த வீட்டுக் கூடத்தில் இருந்த அத்தனை பேரும் — தலைவர், அஸ்மான், லெட்சுமி, நான் — துணித் தொட்டிலில் தூங்கி வளர்ந்தவர்கள். அதே நாங்கள்தான் தொட்டில் இல்லாத ஒரு காப்பகத்துக்குக் கைதட்டினோம். காகிதத்தைக் கையில் எடுத்ததும் நமக்கு என்ன ஆகிறது? நம் வீட்டில் நடப்பதை எழுத வெட்கம். யார் வீட்டிலோ நடப்பதை அளவு பிசகாமல் எழுதுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? புதிதாக ஏதாவது சேர்த்தால் வரைபடம் முழுவதும் திரும்ப மேலிடத்துக்குப் போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்றார் அஸ்மான். கையைக் கழுவிவிட்டு வந்து, நீலத் தாளைத் தரையில் விரித்து, பென்சிலால் தட்டிக்கொண்டே இருந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"சேர்த்தால்தான் சூசா. எடுத்தால் பிரச்சினை இல்லையே! உறங்கும் அறைக்கு மட்டும் சிலிங்கை எடுத்துவிடுவோம். சிலிங்குக்கு வைத்திருக்கும் கட்டைகளையே மேலே குறுக்கு விட்டமாகப் போட்டுவிடலாம். ஆனால் குழுத் தலைவர் கையெழுத்து வேண்டும்."

எல்லாரும் தலைவரைப் பார்த்தோம்.

"கட்டிலு?" என்றார் அவர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"ரெண்டு கட்டிலு இருக்கட்டும்ணே" என்றாள் லெட்சுமி. அதுவரை 'அண்ணே'யைத் தாண்டாதவள்! "போட்டோ புடிக்க வர்ற அன்னிக்கு அதுல ரெண்டு புள்ளைய ஒக்கார வச்சிருவோம்."

அடுக்களையில் அஞ்சலை அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. தலைவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "போலே லா, போலே. சரி, குடு பேனாவ" என்று கையெழுத்துப் போட்டார். தொட்டில் அவர் தோளை இடித்துக்கொண்டு ஆடியது. ஒரு கையால் அதைத் தள்ளிவிட்டுக்கொண்டே போட்டார்.

மணி 2.30. இனி பாரம். நான் எழுந்தேன். லெட்சுமி என் கையிலிருந்து பாரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"நீங்க இருங்க டீச்சர். நீங்க போனா டீ போடுவாங்க. நான் போனா கையெழுத்துப் போடுவாங்க."

உண்மைதான். 3.05-க்குத் திரும்பி வந்தாள். இருபத்துமூன்று பெயர்கள், முன்பு இருந்த மூன்றையும் சேர்த்து. ஒன்பது கைநாட்டு. பாரத்தின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. ஒரு இடத்தில் மை தேய்ந்து வால் மாதிரி நீண்டிருந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு அசிங்கமான பாரத்தை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. சந்தோஷமாகக் கொடுத்தேன். அஸ்மான் அதைப் பையில் வைத்து, மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

"சார்" என்று கூப்பிட்டாள் செல்வி. அன்று முழுவதும் அவள் பேசிய முதல் வார்த்தை. "கட்டி முடிக்க எத்தன மாசம் ஆவும்?"

நான் மலாயில் கேட்டுச் சொன்னேன். எல்லாம் சரியாக நடந்தால், ஒன்பது மாதம்.

கணக்கில் புலி என்று சொன்னேன் அல்லவா? விரலைக்கூட மடக்கவில்லை. "அப்போ டிசம்பரு" என்றாள். அவ்வளவுதான். வருடப் படிப்பு முடிந்து பள்ளிக்கூடம் நவம்பரில் மூடிவிடும். சோதனை அதற்கும் முன்னால். மோட்டார் சைக்கிள் செம்மண் பாதையில் போய் மறைந்தது. லெட்சுமி சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். தம்பியை அஞ்சலை அக்காவிடம் விடலாம் என்றால், அவரும் விடிவதற்கு முன்பே ஈப்போவில் ஒரு கேண்டீனுக்குச் சமைக்கப் போகிறவர். 'பார்ப்போம்' என்றேன். மதியம் எட்டு வீட்டில் எனக்குக் கிடைத்த அதே பதில்.

3.40 பஸ். வீடு வந்து மீனைப் பொரித்தேன். துணியை யாரும் புரட்டிப் போட்டிருக்கவில்லை. டைரியில் அன்றைய பக்கம் நிரம்பி, அடுத்த பக்கத்தில் ஏழு வரி ஓடியது. ஏழாவது வரி எழுதும்போதுதான் பேனா நின்றது. காப்பகத்துக்கு விட்டம் வர ஒன்பது மாதம் ஆகும். ஆனால் விட்டம் உள்ள கட்டடம் அந்தத் தோட்டத்தில் இப்போதே ஒன்று இருக்கிறதே! வாரத்தில் ஐந்து நாளும் அதற்குக் கீழேதானே நான் நிற்கிறேன்? பலகைச் சுவர், தகரக் கூரை, சிலிங் போட ஒருகாலத்திலும் யாருக்கும் தோன்றாத கட்டடம்.

பீரோவிலிருந்து ஒரு நூல் சேலையை எடுத்துப் பையில் வைத்தேன்.

15-ஆம் தேதி, திங்கட்கிழமை. முதல் பஸ்ஸில் இறங்கி, நேரே லெட்சுமி வீட்டுக்குப் போய்ச் செல்வியையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு 7.05-க்குப் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முதல் வேலையாக, ஐந்தாம் வகுப்பின் கடைசிப் பெஞ்சு மேல் ஏறி விட்டத்தில் சேலையைக் கட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, தம்பியை உள்ளே போட்டு, கயிற்றைச் செல்வியின் கால் கட்டைவிரலில் மாட்டிவிட்டு, கையில் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்.

தம்பி எழுந்துவிடக் கூடாதே என்று முப்பத்தோரு பிள்ளைகளும் மூச்சுவிடாமல் கணக்குப் போட்டார்கள் — பதினெட்டு வருட சர்வீஸில் இப்படி ஓர் அமைதியை நான் கண்டதே இல்லை!